வெளி பெஞ்சில் ஒரு அம்மா: பல் கிளினிக் உதவியாளர்களுக்கான கேள்வி – பதில்

சென்ற இதழில், பல் கிளினிக்கில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுப்பதைவிட ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்துப் பேசவிடுவது மேல் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்குத்தான் இவ்வளவு கடிதம். வாய் நாற்றம், குழந்தைக்குப் பல் முளைக்கத் தாமதம் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை பக்கம் முழுவதும் டொக்டருக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு.

அக்கா, ஏ.எல். முடித்துவிட்டு ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் கூட்டம் குறைந்ததும் டொக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து, "இப்படி ஒருத்தர் வந்தார், நீ என்ன செய்வாய்?" என்று கேட்கிறார். எது சரி என்று உடனே சொல்வதும் இல்லை. வேறு இடத்தில் படிக்கும் என் சிநேகிதிக்குப் பெரிய புத்தகமே கொடுத்திருக்கிறார்கள். கதை கேட்டு வேலை படிக்க முடியுமா?
— வாசகி, தலவாக்கலை

முடியும் தங்கச்சி. அந்த டொக்டரை விட்டுவிடாதே.

புத்தகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பல் இலக்கங்கள், ஆயுதங்களின் பெயர், பல் பிடுங்கும் குறடான ஃபோர்செப்ஸில் எது மேல் பல்லுக்கு, எது கீழ்ப் பல்லுக்கு என்பதெல்லாம் மனப்பாடம்தான். டொக்டர் "மூன்று ஆறு" என்றால் இடது பக்கம் கீழ்த் தாடையின் முதல் கடைவாய்ப் பல் என்று யோசிக்காமல் எழுத வேண்டும். இதைக் கதையாகப் படிக்க ஒன்றுமில்லை. ஆனால் வாசலில் வந்து நிற்கிற ஆளைப் பார்க்கப் புத்தகம் கற்றுத் தராது. நான் பயிற்சிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஒரு தாளை இங்கே அப்படியே தருகிறேன், நீயே செய்து பார்.

முதல் தாள்: "54 வயது அம்மா. கொழுந்து எடுக்கிறவர். வலது பக்கம் கீழே கடைசிப் பல் நாலு நாளாக வலி. கடையில் வலிக்குளிசை வாங்கிப் போட்டிருக்கிறார். விடிய 6 மணிக்கு லயத்திலிருந்து இறங்கி, பஸ் பிடித்து 9 மணிக்கு வந்து சேர்ந்தார். இப்போது மணி 11. டொக்டர் உள்ளே ஒரு வேர்ச் சிகிச்சையில் பாதியில் இருக்கிறார். அம்மா வெளி பெஞ்சில். நீ என்ன செய்வாய்?"

தாள் அங்கே முடிந்துவிடும். இரண்டாவது தாள் என் கையில் மடித்தபடி இருக்கும். அதில் உள்ளதைக் கேட்கிறவர்களுக்குத்தான் சொல்வேன், கேட்காதவர்களுக்குச் சொல்ல மாட்டேன்.

முதல் தடவை எல்லாப் பிள்ளைகளும் ஒரே விடைதான்: "நம்பர் கொடுத்து உட்கார வைப்பேன்." சரி, உட்கார்ந்தாயிற்று, அப்புறம்? அங்கேதான் ஒரு மௌனம் வரும். பிறகு யாராவது ஒருத்தி, பெரும்பாலும் வீட்டில் பாட்டியோடு வளர்ந்த பிள்ளை, "சாப்பிட்டீங்களான்னு கேப்பேன்" என்பாள். அந்தக் கேள்விக்கு என் தாளில் விடை இருக்கிறது: "இல்ல புள்ள, பல்லு புடுங்கணுமேன்னு வெறும் வயித்தோட வந்தேன். சீனிக்குப் போடுற குளிசைய மட்டும் போட்டேன்."

இப்போது கதை திரும்பிவிட்டது. சீனி வருத்தத்துக்குக் குளிசை போட்டுவிட்டு ஐந்து மணி நேரம் சாப்பிடாமல் இருக்கிறார். எல்லாக் குளிசையும் சீனியை அளவுக்கு மீறி இறக்காது, சிலது இறக்கும். எந்தக் குளிசை என்று பார்ப்பது டொக்டர் வேலை. கை நடுங்குகிறதா, நெற்றியில் குளிர்ந்த வியர்வை இருக்கிறதா, பேச்சு தடுமாறுகிறதா என்று பார்ப்பது உன் வேலை. அப்படி இருந்து, ஆளுக்கு நினைவும் தெளிவாக இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே டொக்டரைக் கூப்பிட வேண்டும். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இத்தோடு முடிந்தது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அதற்காகத்தான் மூன்றாவது தாள். "வாயைத் திறக்கச் சொன்னாயா?" என்று கேட்பேன். சொல்லியிருந்தால்: இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. எச்சிலை விழுங்காமல் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே இருக்கிறார். குரல் அடைத்து வருகிறது. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கெட்டியான வீக்கம். காய்ச்சலும் இருக்கிறது.

இந்த அம்மாவை ஒரு நிமிடம்கூட பெஞ்சில் வைத்திருக்கக் கூடாது. கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்து கிளம்பும் சீழ், நாக்குக்கு அடியில் பரவினால் மூச்சுக்குழாயையே அடைத்துவிடும். டொக்டர் வேர்ச் சிகிச்சையில் இருந்தாலும், உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கதவைத் தட்டிச் சொல்லியே ஆக வேண்டும். டொக்டர் பார்த்ததும் பெரும்பாலும் நேரே வைத்தியசாலைக்குத்தான் அனுப்புவார். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும் என்பது கிளினிக் சுவரில் எழுதியிருக்க வேண்டிய விஷயம்.

அதை எப்படிச் சொல்வது என்பதிலும் பயிற்சி இருக்கிறது. "டொக்டர், ஒரு அம்மா ரொம்ப வலியா இருக்காங்க" என்றால் "உட்காரச் சொல்" என்றுதான் பதில் வரும். தப்பு டொக்டர் மேல் இல்லை. "வாய் ரெண்டு விரல்தான் திறக்குது, எச்சில் விழுங்க முடியல, நாடிக்குக் கீழ ரெண்டு பக்கமும் வீக்கம், காய்ச்சல், சீனி வருத்தம் இருக்கு" என்று சொல்லிப் பார், டொக்டர் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து வருவார். பார்த்ததைச் சொல், நோய்க்குப் பெயர் வைக்காதே. பெயர் வைப்பதற்கு அவர் பேராதனையில் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

உன் டொக்டர் விடையை உடனே சொல்லாததும், நீங்களாகக் கேட்டுப் பழக வேண்டும் என்பதால்தான். அடுத்த சனிக்கிழமை "அவங்க கிளினிக் கொப்பி கொண்டு வந்தாங்களா டொக்டர்?" என்று, மாதா மாதம் கிளினிக்கில் மருந்து எழுதிக் கொடுக்கும் அந்தக் கொப்பியை நீயாகக் கேட்டுப் பார். அவர் முகத்தில் தெரியும்.

வணக்கம். நான் தனியாகக் கிளினிக் நடத்தும் பல் வைத்தியர். என்னிடம் இரண்டு உதவியாளர்கள். நீங்கள் சொல்லும் முறையில் பயிற்சி கொடுக்க ஆசை, ஆனால் இணையத்தில் கிடைக்கும் நோயாளிக் கதைகள் எல்லாம் வெளிநாட்டுக் கதைகளாக இருக்கின்றன. நானே எழுதுவது எப்படி?
— பல் வைத்தியர், பண்டாரவளை

டொக்டர், உங்கள் கடிதத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வெளிநாட்டுக் கதையில் நோயாளி தன் காரில் வருவார், தன் மருந்துப் பட்டியலை அச்சடித்துக் கொண்டு வருவார். நம் நோயாளி அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, மழையில் நனைந்து, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற கவலையோடு வருகிறார். அந்தக் கடைசி பஸ் கதைக்குள் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் "நாளைக்கு வரச் சொல்வேன்" என்று பிள்ளைகள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள்.

அரைப் பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். நோய் என்ன என்று கேட்கவே கேட்காதீர்கள், அது உங்கள் பரீட்சை, அவர்களுடையது இல்லை. உதவியாளர் ஏதாவது ஒன்றைச் செய்தே ஆக வேண்டிய இடத்தில் கதையை நிறுத்துங்கள். போன் அடிக்கிற இடம் நல்ல இடம், ஏனென்றால் பல கிளினிக்குகளில் போன் எடுப்பது அவர்கள்தான். பல் பிடுங்கி மூன்றாம் நாள், வலி குறையாமல் கூடிவிட்டது, காதுவரை இழுக்கிறது, வாயில் கெட்ட வாடை என்று ஒருவர் போன் பண்ணுகிறார். இரத்தம் வருகிறதா, வீக்கமா, காய்ச்சலா, சிகரெட் பிடித்தாரா என்று கேட்டு, இன்றைக்கே வரச் சொல்ல வேண்டும். "மிச்சமிருக்கிற அன்டிபயோட்டிக்கைப் போடுங்க" என்று போனில் சொல்லும் உதவியாளர் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இன்னொன்று: நோர்வூட் பக்கம் மைதானத்தில் பந்து பட்டுப் பத்து வயதுப் பையனின் முன் பல் வேரோடு விழுந்துவிட்டது. அப்பா போனில். பெரும்பாலானவர்கள் அந்தப் பல்லைக் குழாயடியில் மண் போகத் தேய்த்துக் கழுவி, கடுதாசியில் சுற்றிக் கொண்டு வருவார்கள். வேரின் மேலுள்ள உயிருள்ள திசு அந்தத் தேய்ப்பிலும் காய்ந்துபோவதிலும் செத்துவிடும். பல்லின் வெள்ளைப் பக்கத்தைப் பிடிக்க வேண்டும், வேரைத் தொடக் கூடாது, முடிந்தால் அங்கேயே குழியில் திருப்பி வைத்து ஒரு துணியைக் கடிக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் நம்பிக்கை இருக்கிறது, அரை மணியானால் இன்னும் நல்லது. பாற்பல் என்றால் திருப்பி வைக்கவே கூடாது, ஆகவே முதலில் வயதைக் கேட்க வேண்டும். இவ்வளவையும் பதறிப்போன ஒரு தகப்பனிடம் நாலு வாக்கியத்தில் சொல்லிப் பழகட்டும். ஒருத்தி தகப்பனாக நடிக்கட்டும், மற்றவள் போன் எடுக்கட்டும். சிரிப்பார்கள். பரவாயில்லை.

நோயாளியே இல்லாத கதையும் எழுதுங்கள். எனக்குப் பிடித்தது இது: நுவரெலியாவில் ஒரு கிளினிக், ஆயுதங்களை நீராவியில் வைத்துக் கிருமி கொல்லும், பிரஷர் குக்கர் மாதிரியான பழைய ஓட்டோகிளேவ், வெப்பமானி இல்லை, அழுத்தமானி மட்டும். முள் 15 இறாத்தலில் நிற்கிறது, உதவியாளர் 20 நிமிடம் வைத்து இறக்குகிறாள். சூட்டில் நிறம் மாறும் டேப்பில் கோடும் கறுத்திருக்கிறது. எல்லாம் சரியா? கடல் மட்டத்தில் 15 இறாத்தல் என்றால் 121 பாகை செல்சியஸ். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம், அங்கே தண்ணீரே 94 பாகையில் கொதித்துவிடுகிறது. வெளிக் காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் முள் 15 காட்டும்போது உள்ளே சுமார் 118 பாகைதான். 121 வேண்டுமென்றால் முள் 18க்குப் போக வேண்டும். டேப்பின் கோடு சூடு பட்டது என்று மட்டும்தான் சொல்லும், கிருமி செத்தது என்று சொல்லாது. வெப்பத்தைத் தானே அளந்து ஓடும் புது இயந்திரங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் "கொதிக்க வெச்சா போதும்" என்று இன்னும் சொல்கிறவர்களுக்கு அந்த 94 நல்ல மருந்து. கொழும்பில் படித்த பயிற்றுநர் யாரும் இதை நம் பிள்ளைகளிடம் கேட்க மாட்டார், அவருக்குத் தேவையும் இல்லை.

அதே மலைக் குளிர்தான் பல் அச்செடுக்கும் அல்ஜினேட் பவுடரிலும். ஜனவரி காலையில் குழாய்த் தண்ணீரில் கலக்கினால் அது இறுகவே இறுகாது. நோயாளி ஓங்கரித்துக்கொண்டிருப்பார், டொக்டர் தட்டைப் பிடித்துக்கொண்டே உதவியாளரை முறைப்பார். பவுடர் பழசு என்று பழி போடுவார்கள். அறை வெப்பத்துக்கு வந்த தண்ணீரை எடுத்தால் தீர்ந்தது.

வெற்றிலைக் கதை ஒன்று கட்டாயம் வேண்டும். சக்‌ஷன் குழாயை, அதாவது எச்சில் உறிஞ்சும் குழாயை, உள்ளே விடப் போனால் கன்னம் விரியவில்லை, உள்பக்கம் வெளுத்து விறைத்திருக்கிறது. கொச்சிக்காய் பட்டால் எரிகிறது என்கிறார். "போயிலை இல்லீங்க, வெறும் பாக்குதான்" என்றும் சொல்கிறார். புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டும், வெறும் பாக்கும்கூடப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. ஆனால் உதவியாளர் அங்கே பிரசங்கம் செய்யத் தேவையில்லை. வாய் மூன்று விரல் திறக்கவில்லை, கன்னம் வெளுத்திருக்கிறது என்று டொக்டருக்குச் சொல்ல வேண்டும், கொப்பியில் எழுத வேண்டும். அந்த ஆள் பல்வலிக்காக வந்தவர், பல்லை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால் திரும்பி வர மாட்டார்.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். உண்மையான நோயாளியிடமிருந்து கதையை எடுத்தால் பெயரை மாற்றினால் போதாது. நம் ஊர்களில் "அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, இரட்டைப் பிள்ளைகள்" என்றால் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஆளைத் தெரியும். தோட்டம், டிவிஷன், தொழில், வயது எல்லாவற்றையும் கலைத்துப் போடுங்கள். போட்டோ காட்டுவதானால் அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், உதவியாளர்களின் போனில் அது இருக்கவே கூடாது.

நம் தோட்டத்து ஆட்களின் பல்லை வெள்ளைக்காரர்கள் வந்து வருடக்கணக்காக ஆராய்ச்சி செய்தார்கள் என்று என் தாத்தா சொல்வார். உண்மையா, கட்டுக்கதையா?
— வாசகர், புஸ்ஸல்லாவ

தாத்தா சொன்னது உண்மை. உலகில் ஈறு நோய் படிக்கிற எந்த மாணவரும் அந்த ஆராய்ச்சியைத் தாண்டிப் போக முடியாது. பூண்டுலோயாப் பக்கம் டன்சினன், ஹரோ என்ற இரண்டு தோட்டங்களில், 1970ஆம் ஆண்டு 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நோர்வேயில் பிறந்த ஹரால்ட் லோ என்ற பேராசிரியரின் குழு அது. ஒப்பிட்டுப் பார்க்க ஒஸ்லோ நகரத்தின் மாணவர்களும் படித்தவர்களும். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் நம் ஆட்களுக்கு வயது 14க்கும் 30க்கும் இடையில். பிரஷ் பழக்கம் இல்லை, பல் வைத்தியம் அந்த மலைக்கு எட்டவில்லை, அதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வைத்தியம் குறுக்கிடாமல் ஈறு நோய் தன் பாட்டில் எப்படி நடக்கும் என்று பார்ப்பதுதான் நோக்கம்.

1986இல் வெளியான முடிவு பலரை ஆச்சரியப்படுத்தியது. எல்லோர் பல்லிலும் ஒரே மாதிரி அழுக்கும் காரையும். எல்லோர் ஈறிலும் அழற்சி. ஆனால் சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பாய்ந்து, 45 வயதில் வாயில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. 81 சதவீதத்தினருக்கு நிதானமாக நகர்ந்தது, அதே வயதில் சராசரியாக ஏழு பல் போயிருந்தது. மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, பல் அநேகமாகப் போகவே இல்லை. சூத்தை அவர்களிடம் கிட்டத்தட்ட இல்லை, ஆகவே விழுந்த பல் எல்லாம் ஈறு நோயால் விழுந்தவை. 40 வருடம் கழித்தும் அவர்களைத் தேடிப் போய், கிடைத்த 75 பேரைப் பார்த்து, 2017இல் மறுபடியும் எழுதினார்கள்.

இதை நான் பயிற்சியில் இப்படிப் பயன்படுத்துகிறேன். "ஒரே லயம், ஒரே வயது, இரண்டு பேர். இரண்டு பேரும் பல் விளக்குவதில்லை. ஒருவருக்கு 40 வயதில் பாதிக்கு மேல் பல் இல்லை, மற்றவருக்கு எல்லாம் இருக்கிறது. முதலாமவரைப் பார்த்து என்ன சொல்வாய்?" உடனே "ஒழுங்கா விளக்கியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று திட்டத் தொடங்குவார்கள். விளக்கியிருந்தால் நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் உடம்பு அவருக்கு வஞ்சகம் செய்திருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் அதே அழுக்கோடு தப்பியிருக்கிறார். நாற்காலியில் இருப்பவரைக் குற்றவாளியாக்கிப் பேசுவதை இந்த ஒரு கதை நிறுத்திவிடுகிறது.

என் சொந்த எண்ணத்தையும் கேட்டால் சொல்கிறேன். அந்த எண்களுக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது, அதில் எனக்குப் பெருமை உண்டு. அதேசமயம் பதினைந்து வருடம் கண்ணாடியும் அளவுகோலும் ஏறிவந்த மலைக்கு வைத்தியமும் ஏறியிருக்கலாமே என்ற உறுத்தல் போகவில்லை. பாடப்புத்தகங்களில் அவர்கள் "இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்கள்", அவ்வளவுதான். உங்கள் தாத்தா இருந்தால், எந்த டிவிஷன், யார் யாரைப் பார்த்தார்கள் என்று உட்கார்ந்து எழுதி வையுங்கள்.

எங்கள் டொக்டர் சிங்களம் பேசுகிறவர், நல்ல மனிதர். நோயாளிகள் பெரும்பாலும் தமிழ். நான்தான் நடுவில். அவர்கள் பெரிய கதையாகச் சொல்கிறார்கள், டொக்டருக்கு நேரமில்லை, நான் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சரியா?
— வாசகி, ஹட்டன்

சுருக்கலாம். எதை விடுகிறாய் என்பதுதான் பிரச்சினை. எத்தனை நாளாக, என்ன குளிசை, எந்த மருந்து ஒத்துக்காது, முன்பு பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்கத் தாமதமானதா, பெண் என்றால் பிள்ளை வயிற்றில் இருக்கிறதா: இவற்றில் ஒன்றைக்கூட உன் வசதிக்காக விடாதே. மருமகள் சண்டையை விட்டுவிடு.

அப்புறம், "மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். வருடக்கணக்காகப் போடும் பிரஷர் குளிசை அவர்களுக்குச் சோறு தண்ணி மாதிரி, கணக்கிலேயே வராது. "மாசம் மாசம் கிளினிக் போறீங்களா? கொப்பி இருக்கா?" என்று கேள். பையிலிருந்து பொலித்தீன் உறையில் சுற்றிய கொப்பி வெளியே வரும். அதில் இரத்தம் உறையாமலிருக்கப் போடும் வோபரின் என்றோ இருதய வால்வு ஒப்பரேஷன் என்றோ எழுதியிருந்தால் டொக்டர் கையில் ஊசி எடுப்பதற்கு முன்பே அவர் கண்ணுக்கு முன்னால் கொப்பியை விரித்து வை. "அந்தக் குளிசைய ரெண்டு நாளைக்கு நிறுத்துங்க" என்று நீயாகச் சொல்லிவிடாதே. நிறுத்துவதா வேண்டாமா என்பது இரத்தப் பரிசோதனையைப் பார்த்து வைத்தியர்கள் முடிவெடுக்கிற விஷயம், நிறுத்துவதால் உயிருக்கே ஆபத்து வருகிறவர்கள் உண்டு.

இதற்கும் கதை வைத்துப் பழகலாம். ஒரு தோழியைத் தாத்தாவாக உட்கார வைத்துத் தமிழில் ஐந்து நிமிடம் புலம்பச் சொல். நீ அரை நிமிடத்தில் சிங்களத்தில் சொல். சிங்களம் தெரிந்த இன்னொருத்தி, எது விட்டுப்போனது என்று எழுதட்டும்.

மகள் ஓ.எல். எழுதியிருக்கிறாள். ஆறு மாதத்தில் பல் மருத்துவ உதவியாளர் சான்றிதழ், வெளிநாட்டில் வேலை நிச்சயம் என்று ஒரு நிறுவனத்தின் விளம்பரம் பார்த்தோம். கட்டணம் அதிகம். சேர்க்கலாமா?
— ஒரு தாய், மஸ்கெலியா

"நிச்சயம்" என்று எழுதியிருப்பதே எனக்குப் பிடிக்கவில்லை அம்மா. ஒவ்வொரு நாட்டிலும் உதவியாளருக்கு வெவ்வேறு சட்டம், பல இடங்களில் அங்கேயே பதிவோ பரீட்சையோ கேட்பார்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்த நிறுவனமும் அந்தப் பாடநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று விசாரியுங்கள். பிறகு நேரில் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: பிள்ளை உண்மையான நோயாளிக்குப் பக்கத்தில் நின்று சக்‌ஷன் பிடிப்பது எத்தனையாவது வாரத்தில், எந்தக் கிளினிக்கில்? கிளினிக்கின் பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இந்த வேலை எனக்குச் சரிவருமா?
— வாசகி, இராகலை

வரும். காலையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ, முழங்காலைப் பூட்டிக்கொண்டு நிற்காதே, கண் இருட்டினால் சொல்லிவிட்டு உட்கார். பெருமைக்காக நின்று நோயாளி மேல் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேருக்குக் கொஞ்ச நாளில் பழகிவிடும்.

அக்கா, போன வாரம் ட்ரே துடைக்கும்போது பாவித்த ஊசி விரலில் குத்திவிட்டது. டொக்டர் "ஸ்பிரிட் போட்டுத் துடை, ஒன்றும் ஆகாது" என்றார். எனக்குத் தடுப்பூசி எதுவும் போட்டதாக நினைவில்லை. வீட்டில் சொல்லவில்லை. தூக்கம் வரவில்லை.
— பெயர் வேண்டாம், பதுளை மாவட்டம்

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே உனக்குத் தபாலில் பதில் போட்டுவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வை. எச்.ஐ.வி. உள்ள ஒருவரைக் குத்திய ஊசியே என்றாலும் தொற்றும் வாய்ப்பு 1,000க்கு 3 அளவில்தான். ஹெப்படைட்டிஸ் பி அப்படி இல்லை, தடுப்பூசி போடாதவருக்கு அது பல மடங்கு அதிகம், ஆனால் அதற்குத்தான் நல்ல தடுப்பூசி இருக்கிறது. ஒரு வாரம் ஆகிவிட்டாலும் அரச வைத்தியசாலைக்குப் போய் நடந்ததைச் சொல். இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், தடுப்பூசியைத் தொடங்குவார்கள், எப்போது திரும்ப வர வேண்டும் என்று சொல்வார்கள். தடுப்பூசி மூன்று தடவை: இன்று, ஒரு மாதத்தில், ஆறாவது மாதத்தில். மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் அது பிடித்திருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்கலாம்.

இதைப் படிக்கிற மற்றப் பிள்ளைகள் இதையே ஒரு கதையாக எடுத்துப் பேசுங்கள். ஊசி குத்தின உடனே என்ன? சோப்பும் ஓடும் தண்ணீரும். பிதுக்கக் கூடாது, ஸ்பிரிட்டில் ஊறவைக்கக் கூடாது. அந்த ஊசி எந்த நோயாளிக்குப் போட்டது என்று குறித்துக்கொண்டு, மறைக்காமல் சொல்லி, அன்றைக்கே வைத்தியசாலை. எச்.ஐ.வி.க்கு எதிரான மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் சில மணி நேரத்தில் தொடங்குவது இன்னும் நல்லது. ஊசியின் மூடியை இரண்டு கையால் போடாதீர்கள். மூடியை ட்ரேயில் படுக்க வைத்து, ஒரு கையால் ஊசியை அதற்குள் கோரி எடுக்க வேண்டும். பாவித்த ஊசியை ட்ரேயில் விட்டுவிட்டுப் போவது ஊசி போட்டவரின் தப்பு, அதைத் துடைக்கிறவளின் தப்பு இல்லை. டொக்டர்மாரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்பது பண்டாரவளைக் கடிதத்தில் தெரிகிறது, ஆகவே எழுதுகிறேன்: உதவியாளரை வேலைக்கு எடுக்கும் நாளிலேயே ஹெப்படைட்டிஸ் பி முதல் ஊசியைப் போட ஏற்பாடு செய்யுங்கள், செலவு உங்களுடையது.

தங்கச்சி, நீ வீட்டில் அம்மாவிடம் மட்டுமாவது சொல். வைத்தியசாலைக்குத் தனியாகப் போகாதே, அவரைக் கூட்டிக்கொண்டு போ. கொடுக்கிற அட்டையைப் பத்திரமாக வை, அடுத்த ஊசிக்குத் திகதி அதில்தான் இருக்கும்.